பன்னிரண்டாவது குடுவை

ஸெலிந்தாவை மலடி என்று ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மூன்று முறை அவளைப் பிள்ளைத்தாச்சி என்று நம்பி மூன்று முறையும் ஏமாந்த ஊர் அது. ஏமாற்றியவள் அவள்தான் என்று அதற்கு உள்ளூர ஒரு கோபம் இருந்தது.

முதல் முறை அவளுக்கு இருபத்தேழு வயது. ஓரெஸ்தேயைக் கட்டிக்கொண்டு ரொக்கால்தாவுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த மலையூருக்கு அவ்வளவு போதும். பிள்ளைத்தாச்சி ஆசையாகப் பார்த்த பண்டத்தை அவளுக்குக் கொடுக்காமல் விட்டால், அதன் உருவம் மச்சமாகப் பிள்ளையின் உடம்பில் விழுந்துவிடும். அதனால் ஸெலிந்தா எதைப் பார்த்தாலும் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கறிக்கடைக்காரர் ஈரலில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். தெருவில் முன்பின் பேசாத கிழவர்கூடத் தன் சட்டைப்பையிலிருந்த அத்திப்பழத்தை நீட்டினார். மூன்றாம் மாதம் பிறந்த அன்று, ஊர்த் துவைதொட்டியில் அவள் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தபோது தொடையில் சூடாக இறங்கியது. பக்கத்திலிருந்த பெண்கள் நிமிராமல் துவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாம் முறை மூன்றரை மாதம். மூன்றாம் முறை ஐந்து மாதம் உதிரமே இல்லை. வயிறு கொஞ்சம் எழும்பக்கூடச் செய்தது. ஓரெஸ்தேயின் அண்ணன் பெண்டாட்டி அசுந்தா, தன் ஐந்து பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத்தன்று போட்ட வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்து வைத்தாள். பிறகு மருத்துவச்சி வந்தாள். கையைச் சுடுதண்ணீரில் நனைத்து, வயிற்றின் மேலும் உள்ளும் அழுத்திப் பார்த்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள யாரும் இல்லம்மா. வெறும் காத்து."

மறுநாள் அசுந்தா சட்டையை வாங்கிப்போக வந்தாள். "தப்பா நெனச்சுக்காத ஸெலிந்தா. மடிப்பு கலையாமக் குடு. வேற யாருக்காவது வேண்டியிருக்கும்ல."

அதற்குப் பிறகு ஸெலிந்தாவுக்கு உதிரம் வரவே இல்லை. அப்போது அவளுக்கு முப்பது வயது. உதிரம் நின்ற பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றுதான் அவள் நினைத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், வியர்வை கொட்டும், பத்து நிமிடத்தில் அடங்கிக் குளிரெடுக்கும். சதுப்பு நிலத்தில் அறுவடைக்குப் போன வருடம் கொசு கடித்த விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் கசப்பு மாத்திரை கொடுத்தார். தின்றாள். காது இரைந்ததுதான் மிச்சம்.

இரண்டு வருடம் கழித்துக் கல்குவாரியில் ஒரு பாறை நழுவி ஓரெஸ்தேயின் இடது கையில் மூன்று விரல்களை நசுக்கிவிட்டது. கல் வேலை போயிற்று. அந்த நேரத்தில்தான் ரோமாபுரி மருந்துத் தொழிற்சாலை ஒன்று மலைப்பக்கத்துக்கு ஒரு வண்டிக்காரனையும் ஒரு பெண்ணையும் தேடியது. பெண் எதற்கென்றால், ஏற்ற வேண்டிய சரக்கு கன்னியர் மடங்களில் இருந்தது. அங்கே வாசற்படி தாண்டி ஆண்பிள்ளை போக முடியாது.

சரக்கு, வயதான கன்னியரின் சிறுநீர். பிள்ளை இல்லாத பெண்களுக்கு அதிலிருந்து மருந்து எடுக்கிறார்களாம்.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. "ஓரெஸ்தே, திராட்சை ரசம் ஏத்துற குடுவையிலயா அதையும் ஏத்துற? மாத்தி ஊத்திடாதப்பா" என்று சாராயக்கடையில் கேட்டார்கள். "ஊத்தினாத்தான் என்ன? ஒங்க கடை ரசத்துக்கு இது மேல்" என்று ஓரெஸ்தே திருப்பிச் சொன்னான். விரல் போன பிறகும் அவனுக்கு வாய் போகவில்லை.

மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பிரம்புக் கூடை போட்ட பெரிய கண்ணாடிக் குடுவைகள். பதினொரு மடங்கள். எல்லாவற்றிலும் உயரத்தில் இருந்தது, ஊரார் மேல்மடம் என்று சொல்லும் அடைபட்ட மடம். அங்கே உள்ளே இருப்பவர்களை வெளியார் பார்க்கவே முடியாது. சுவரில் பீப்பாய் போல ஒரு மரப்பெட்டி. இந்தப் பக்கம் வெற்றுக் குடுவையை வைத்துச் சுழற்றினால், அந்தப் பக்கத்திலிருந்து நிறைந்த குடுவை வரும். பழைய காலத்தில் வேண்டாத பிள்ளைகளையும் அதில்தான் வைத்துச் சுழற்றினார்கள். ஓரெஸ்தேயின் தாத்தாவுக்குத் தாத்தா அப்படி வந்தவர். 'எறியப்பட்டவன்' என்ற குடும்பப் பெயர் அதனால் வந்தது. அசுந்தாவும் அதே பெயர்க்காரிதான் என்றாலும், ஸெலிந்தா வேலைக்குப் போன முதல் நாள் வாசலில் நின்று சொன்னாள்: "பெட்டியை நல்லா வேகமாச் சுத்திப் பாரு. ஒண்ணு பாக்கி கிடந்தாலும் கிடக்கும்."

பெட்டிக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் பசிலியா இருந்தார். ஸெலிந்தா அவர் முகத்தைப் பார்த்ததில்லை. கொஞ்சம் மூச்சிரைக்கிற, சிரிக்கும்போது இருமலாக மாறிவிடுகிற ஒரு குரல், அவ்வளவுதான்.

"இந்த வாரம் குறைவா இருக்கு, மகளே. ரெண்டு பேரை அடக்கம் பண்ணிட்டோம். மிச்சம் இருக்கற பதினாலு பேரும் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு உழைக்கிறோம்."

"உழைக்கிறதா சிஸ்டர்?"

"பின்ன? எங்க மதர் சொல்லிட்டாங்க, இதுவும் ஜெபம்தானாம். நாங்க பெறாத பிள்ளைங்க எல்லாம் இந்தக் குடுவையில போகுதாம். எழுபது வயசுல எனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு தெரியல, போ." சிரிப்பு இருமலாயிற்று.

ஒரு தை மாதக் குளிரில், பெட்டியருகே நிற்கும்போது ஸெலிந்தாவுக்கு அந்தச் சூடு ஏறியது. தலைத்துணியை அவிழ்த்துக் கல்சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். என்ன சத்தத்தையே காணோம் என்று உள்ளிருந்து கேட்டபோது சொன்னாள்.

"அட, எங்க சிஸ்டர் கொலும்பா ஐம்பது வயசுல இப்படித்தான் பனியில சன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பா. நாங்க எல்லாரும் நின்னோம். ஒனக்கும் எங்க கிழவிகளுக்கும் ஒரே காய்ச்சல்டி!"

இருவரும் சிரித்தார்கள். ஸெலிந்தா அதை அத்தோடு மறந்தும்போனாள்.

வாரத்துக்கு ஒரு நாள் குடுவைகள் தொழிற்சாலைக்குப் போகும். ஒவ்வொரு மடத்துக்கும் தனியாக ஒரு சிறிய சீசாவில் மாதிரி எடுத்து, பெயர் ஒட்டி, டாக்டர் மன்ஸோலியின் மேஜையில் வைக்க வேண்டும். அவர் சிவந்த கண்களும் எலி வாசனை அடிக்கும் அங்கியும் கொண்ட ஒல்லி மனிதர். முதல் மாதமே ஸெலிந்தா அவரைக் கேட்டாள். கேட்பதற்கு வண்டியில் மூன்று மணி நேரம் தைரியம் சேர்த்திருந்தாள்.

"டாக்டரய்யா, கிழவிங்க மூத்திரத்துல பிள்ளை பிறக்க வைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. எலித் தீனி வந்த பழுப்புக் காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் வரைந்தார். தலைகீழாகத் தொங்கும் ஒரு பேரிக்காய். அதன் தோள்களிலிருந்து இரண்டு குழாய்கள். குழாய் நுனிகளில் விரல்கள். விரல்களுக்குக் கீழே ஆளுக்கொரு வாதுமைக் கொட்டை.

"இந்தக் கொட்டைதான் சினைப்பை. இதுக்குள்ள முட்டை இருக்கு. ஒரு பொண்ணு பிறக்கும்போதே அவளோட மொத்த முட்டையும் உள்ள இருக்கும். அப்புறம் ஒண்ணுகூடப் புதுசா வராது. மாசம் ஒண்ணு பழுத்து வெடிச்சு வெளிய வரும். இந்த விரல் அதை வாரி எடுத்துக் குழாய்க்குள்ள விடும். ஆம்பளை விந்து அங்கதான் வந்து சேரணும். சேந்தா, பேரிக்காய்க்குள்ள வந்து ஒட்டிக்கும். அதுக்காக இது மாசாமாசம் மெத்தை போட்டு வைக்கும். யாரும் வரலைன்னா மெத்தையைக் கழுவி ஊத்திடும். அதுதான் தீட்டு."

"கிழவிங்களுக்கு?"

"சொல்றேன், இருங்கம்மா. மூளைக்கு அடியில ஒரு பட்டாணி இருக்கு. 'பழுக்க வை, பழுக்க வை'ன்னு சினைப்பைக்கு ஆர்டர் போடறது அதுதான். சினைப்பை 'சரி, ஆச்சு'ன்னு பதில் சொன்னதும் பட்டாணி குரலைத் தணிச்சுக்கும். வயசானா முட்டை தீந்துபோச்சு, பதில் சொல்ல ஆள் இல்லை. பட்டாணிக்கு அது தெரியாது. கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வரலைன்னு இன்னும் சத்தமாக் கூப்பிடும். சாகிற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கும். அந்தக் கத்தல் பூரா ரத்தத்துல கலந்து, கடைசியில உங்க குடுவைக்கு வருது. நாங்க வெள்ளை மண்ணைப் போட்டுக் கலக்கி அதைப் பிடிக்கிறோம்."

ஸெலிந்தா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, உதிரம் நின்று மூன்று வருடமாகிறது என்று மேஜையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

டாக்டர் பென்சிலை வைத்தார். வயது கேட்டார். முப்பத்துமூன்று.

"அப்படி நிக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, பட்டாணி ஊமையா இருக்கும். சினைப்பை நல்லாத்தான் இருக்கும், ஆர்டர் வராம சும்மா தூங்கும். அந்த மாதிரிப் பொண்ணுங்களுக்குத்தான் இந்த மருந்து. ஊசி வழியா நாம கூப்பிட்டா முழிச்சுக்கும். இன்னொண்ணு, சினைப்பையே தீந்துபோயிருக்கும்."

"அதுக்கு மருந்து?"

"கிடையாது. ஏற்கனவே கத்தல் அளவுக்கு மேல இருக்கு, நாம இன்னும் கத்தி என்ன ஆகப்போகுது? ஆனா உங்க வயசுக்கு முதல் ரகமாத்தான் இருக்கணும். பேராசிரியர் மே மாசம் பத்துப் பேருக்கு மருந்து குடுத்துப் பார்க்கப்போறார். உங்க பேரை எழுதட்டுமா?"

அவர் எழுதியதை ஸெலிந்தா நின்று பார்த்தாள். ஏழாவது பெயர்.

அன்று மாலை திரும்பும் வழியில் ஓரெஸ்தே வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கினான். இடது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலை ஸெலிந்தாவுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினான். "ரெண்டு. ஒரு பையன், ஒரு பொண்ணு. அதுக்கு மேல என்னால எண்ண முடியாது." அவள் சிரித்து அவன் முதுகில் குத்தினாள். அசுந்தாவுக்கு மட்டும் சொல்லவே கூடாது என்று இருவரும் பேசிவைத்தார்கள். ஆனால் ஓரெஸ்தே பழைய கொட்டகைக் கதவைப் பிரித்து இழைத்து ஒரு சின்னக் கட்டில் செய்ய ஆரம்பித்தான். யார் கேட்டாலும் முயல் கூண்டு என்றான்.

தவக்காலத்தின் முதல் வாரம் மேல்மடத்தில் மௌன விரதம். மதிய மணி அடித்தால் மூன்று நாள் பெட்டி சுழலாது. செத்தவரைத் தூக்கிவந்தால்கூடத் திறக்க மாட்டார்கள். விரதம் தொடங்கிய நாளன்று ஸெலிந்தா குடுவையையும் சீசாவையும் வாங்கிக்கொண்டு இறங்கியபோதே மணி அடித்துவிட்டது. கீழே மூன்றாவது வளைவில், மழை அரித்த பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. குடுவைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் மடியிலிருந்த சீசா இரும்புத் தடுப்பில் பட்டு உடைந்தது.

"போச்சு," என்றாள், பாவாடையைப் பிழிந்துகொண்டே. "பெரிய குடுவையில அரக்கு முத்திரை போட்டாச்சு, திறக்க முடியாது. மாதிரி இல்லாமப் போனா இந்த வாரச் சரக்கையே சாக்கடையில ஊத்திடுவாங்க. பதினாலு கிழவிங்க ராத்திரி எந்திரிச்ச உழைப்பு."

"இதுக்குப் போயி அழுவியா?" ஓரெஸ்தே இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு காலிச் சீசாவை எடுத்துத் துடைத்தான். "இந்தா. உன்னோடதை ஊத்து. பொம்பளைதானே நீயும்?"

"யோவ், கண்டுபிடிச்சிடுவாங்க. சின்ன வயசுக்காரங்களோடது வெறும் தண்ணி மாதிரியாம். ஒண்ணும் இருக்காதாம்."

"அப்ப என்ன, 'இந்த வாரம் மேல்மடம் கொஞ்சம் நீர்த்துப்போச்சு'ம்பாங்க. கிழவிங்க விரதத்துல தண்ணி நெறைய குடிச்சிருப்பாங்க. போ, அந்த ஓக் மரத்துக்குப் பின்னால போ. நான் கண்ணை மூடிக்கிறேன். கல்யாணம் ஆகி பத்து வருஷம் ஆனாலும் மூடிக்கிறேன்."

அவள் திட்டிக்கொண்டே போனாள். சீசாவில் மேல்மடத்தின் பெயரை ஒட்டினாள்.

சோதனை எலிகளை வைத்து நடந்தது. இன்னும் பருவத்துக்கு வராத பெண் எலிக்குட்டிகளுக்குச் சீசாச் சரக்கை மூன்று நாள் ஊசியாகப் போடுவார்கள். நான்காம் நாள் கொன்று, கர்ப்பப்பையை எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். கத்தல் பலமாக இருந்தால் குட்டியின் கர்ப்பப்பை அந்த நான்கு நாளிலேயே பெரிய எலியுடையது போல வீங்கியிருக்கும். அடுத்த வாரம் ஸெலிந்தா உள்ளே போனபோது, டாக்டர் மன்ஸோலி ஒரு ஈரத்தாளில் வரிசையாகக் கிடந்த வெளிர்சிவப்பு இழைகளை அவளுக்குக் காட்டினார். பத்து, முறுக்கிய நூல் அளவுக்கு வீங்கியிருந்தன. ஒன்று மட்டும் இன்னும் தடித்து, புழு மாதிரி.

"மேல்மடம்," என்றார். "எலி பொய் சொல்லாது. பதினொரு மடத்துல இதுக்குப் பக்கத்துல ஒண்ணும் நிக்க முடியாது. யாரும்மா அந்த சிஸ்டர்? புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

ஸெலிந்தா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரய்யா... சின்ன வயசுக்காரி ஒருத்தியோடது தப்பித்தவறிக் கலந்துட்டா இப்படி வருமா?"

"வராது. வந்தா ஒரே ஒரு சமயம் வரும். மாசத்துல ஒரு நாள், முட்டை வெடிக்கிறதுக்கு முன்னால பட்டாணி ஒரு சத்தம் போடும். அன்னிக்கு மட்டும்."

"ஒரு நாள்தானா?"

"மிஞ்சினா ரெண்டு நாள். அப்புறம் அடங்கிடும். ஏன், அங்க இளம் சிஸ்டருங்க யாராவது ஊத்திட்டாங்களா?"

"இல்ல. சும்மாதான் கேட்டேன்."

வெளியே ஓரெஸ்தே சக்கரத்தில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். "நம்ம சரக்கு என்ன ஆச்சு? மாட்டிக்கிட்டமா?"

"இல்ல. கண்டுபிடிக்கல."

"பாத்தியா!" என்றான்.

அந்த ஒரு வாரம் ஸெலிந்தா இரண்டு பெண்களாக இருந்தாள். ஒருத்தி சொன்னாள்: அது அந்த ஒரு நாள் சத்தம்தான், மூன்று வருடம் தூங்கியது தானாக விழித்துக்கொண்டது, இன்னும் ஐந்தாறு நாளில் உதிரம் வரும், பார். அவள் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உள்துணியைப் பார்த்தாள். மாவு பிசையும்போது பாதியில் கையை உதறிவிட்டுப் போய்ப் பார்த்தாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கல்சுவரில் கன்னத்தை வைத்து நின்றுகொண்டிருந்தாள், பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் இருமலும் கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த முறை மேல்மடத்திலிருந்து இறங்கும்போது மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மடத்துச் சீசாவையும் பாவாடை மடிப்புக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு ஓக் மரத்துக்குப் பின்னால் போனாள். அதைப் புல்லில் கவிழ்த்தாள். பதினாலு பேரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். வெறும் தண்ணீராக வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே நிரப்பினாள். ஒன்றும் இல்லாத தண்ணீராக வரட்டும். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் வருவது போல.

ஓரெஸ்தே பள்ளத்தைச் சுற்றி வண்டியை மெல்ல ஓட்டினான்.

அதற்கடுத்த வாரம் வரை உதிரம் வரவில்லை. டாக்டர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

"மறுபடியும் மேல்மடம்தான் முதல். போன தடவையை விடக் கொஞ்சம் கூடத்தான். பாருங்க." ஈரத்தாளில் தடித்த ஒன்று கிடந்தது. "நான் முடிவு பண்ணிட்டேன். பேராசிரியரோட பத்துப் பேருக்கும் அந்த மடத்துக் குடுவையிலிருந்தே மருந்து எடுக்கப்போறோம். இவ்வளவு பலம் இருக்கறதால ஊசி அளவைப் பாதியாக் குறைச்சுடலாம். உங்களுக்கே அதுதான் போடுவாங்க, ஸெலிந்தாம்மா! அவங்ககிட்ட இன்னும் ரெண்டு குடுவை கேட்டு வாங்குங்க."

அவள் எலிக்கூண்டுகளைப் பார்த்தாள். மரத்தூளில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின. ஒன்பது பெண்கள், அவளைப் போலவே கட்டிலோ சட்டையோ தயார் செய்து வைத்திருப்பவர்கள், மே மாதம் வந்து கையை நீட்டுவார்கள். கிழவிகளின் நீர்த்த குடுவையில் எடுத்ததை, அவளுடைய கணக்கில் பாதியாகக் குறைத்துப் போடுவார்கள். சினைப்பைக்குக் கூப்பிட்டது கேட்காது. உங்களுக்குப் பலிக்கவில்லையம்மா என்று அனுப்பிவிடுவார்கள்.

"அந்த மடத்துல கேக்க முடியாது, டாக்டரய்யா," என்றாள்.

"ஏன்?"

"அந்த மடத்துல இருக்கறது ஒரே ஒரு ஆள்."

அவர் விளங்காமல் பார்த்தார். அவள் சீசா உடைந்ததிலிருந்து சொன்னாள். இரண்டாவது சீசாவையும் சொன்னாள், புல்லில் கவிழ்த்ததையும் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு அந்தச் சூடு ஏறிக் கழுத்து சிவந்தது. டாக்டரின் பார்வை அந்தச் சிவப்பில் போய் நின்றது. அதற்கு முன் எத்தனையோ முறை அவர் எதிரில் அவள் வியர்த்திருக்கிறாள். மாடிப்படி ஏறி வந்ததால் என்று அவர் நினைத்திருப்பார்.

அவர் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு தடவைதானே," என்றார் கடைசியில். "இன்னொரு தடவை பார்ப்போம். எலி சில சமயம்..."

"எலி பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் ஈரத்தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

"முப்பது வயசுலயே தீந்துபோகுமா டாக்டரய்யா? நான் ஏதாவது பண்ணினேனா? குவாரியில கல் தூக்கினேன். அறுவடைக்குப் போனேன்..."

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. சிலருக்கு அப்படி ஆகும். ஏன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

மேஜை இழுப்பறையில் பட்டியல் இருந்தது. அவள் கேட்டதும் வெளியே எடுத்தார். ஆனால் பென்சிலை எடுக்கவில்லை. ஏழாவது பெயருக்குக் கீழே எட்டு, ஒன்பது, பத்து இருந்தன. அதற்கும் கீழே கோட்டுக்கு அப்புறம் இடம் கிடைக்காத பெயர்கள் பக்கம் முழுக்க இருந்தன. ஸெலிந்தா பென்சிலைத் தானே எடுத்துத் தன் பெயரை அடித்தாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கோடு கோணலாக விழுந்தது.

கதவுவரை போனவள் திரும்பினாள்.

"என்னோடது உதவுமா?"

"எது?"

"அதான். இந்தச் சீசாவுல இருந்தது. மருந்துக்கு உதவுமா?"

டாக்டர் மன்ஸோலி கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். துடைத்து முடிந்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"உதவும்," என்றார்.

ஓரெஸ்தே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். அவள் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை அணைக்கச் சொன்னாள். அணைத்ததும் தெருவின் சத்தம் முழுவதும் உள்ளே வந்தது.

"அந்தச் சீசா பலமா இருந்துச்சாம்," என்றாள். "கிழவிங்களைவிடப் பலமாம். ரெண்டு தடவையும்."

அவனுக்கும் டாக்டரின் படத்தைப் பற்றி அவள் சொல்லியிருந்தாள்; பட்டாணியைப் பற்றியும் கத்தலைப் பற்றியும். அதை வைத்து ஆறு மாதமாக அவளைக் கேலி செய்துகொண்டிருந்தவன் அவன். அவளைச் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் 'பழுக்க வை, பழுக்க வை' என்று கத்துவான். இப்போது அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை அவள் பார்த்தாள்.

"ரெண்டாம் தடவை நீ மரத்துக்குப் பின்னால போனப்பவே நெனச்சேன்," என்றான். "கேக்க வேணாம்னு இருந்துட்டேன்."

"பேரை அடிச்சிட்டு வந்துட்டேன்."

"சரி."

"வேற ஒருத்தியைக் கட்டியிருந்தா..."

"வாயை மூடு புள்ள," என்றான். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தான உன்னோடதை ஊத்துன்னு சொன்னேன். சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னேன். மே மாசம் வரைக்குமாவது இருந்திருக்கும்."

எஞ்சின் அவன் அதட்டியும் கெஞ்சியும் நான்காவது உதைக்குத்தான் கிளம்பியது. சின்னக் கட்டில் கொட்டகையில் மூன்று காலோடு நின்றது. மறுநாள் அவன் அதற்கு நாலாவது காலையும் அடித்து, முன்பக்கம் கம்பி வலை தைத்து, இரண்டு முயல் வாங்கி விட்டான். அசுந்தா எட்டிப் பார்த்துவிட்டு, "முயலுக்கு இவ்வளவு இழைப்பா? ராஜா வீட்டுத் தொட்டில் மாதிரி இருக்கு" என்றாள். ஸெலிந்தா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் மேல்மடத்தில் பெட்டியைச் சுழற்றியபோது சிஸ்டர் பசிலியாவின் குரல் கேட்டது. "மே மாசம் நெருங்குதே மகளே. பதினாலு பேரும் உனக்காக ஜெபமாலை சொல்றோம். கொலும்பா ஒரு காலுறைகூடப் பின்னிட்டா. ஒரு காலுக்குத்தான். இன்னொண்ணு பிறந்தப்புறமாம், இல்லேன்னா கண்ணு பட்டுடுமாம்."

பெட்டியில் குடுவைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கம்பளிக் காலுறை இருந்தது.

"சிஸ்டர்," என்றாள் ஸெலிந்தா, கல்லில் நெற்றியை வைத்து. "எனக்கு இருக்கறது உங்க காய்ச்சல்தான்."

உள்ளிருந்து மூச்சிரைப்பு மட்டும் கேட்டது, மிக அருகில், அந்தப் பக்கத்திலும் யாரோ சுவரில் சாய்ந்துகொண்டது போல. ஸெலிந்தா காலுறையை எடுத்துத் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டாள், திருப்பி அனுப்பவில்லை.

அந்த வாரத்திலிருந்து டாக்டரின் பட்டியலில் மடங்கள் பன்னிரண்டாயின. பன்னிரண்டாவதற்குப் பெயர் இல்லை, எண் மட்டும். மடங்களைச் சுற்றிச் சரக்கோடு வீட்டு வழியாகத் திரும்பும்போது அந்தக் குடுவை வாசலில் இருக்கும். ஓரெஸ்தே அதற்கு ஒரு நாளும் ஒரு கேலியும் சொல்லவில்லை. மற்றப் பதினொன்றையும் ஏற்றி முடித்த பிறகு அதைக் கடைசியாக ஏற்றி, பள்ளத்தில் விழுந்தாலும் உடையாதபடி, தன் குவாரிக் கோட்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவைப்பான்.